விடுதலையை யாருடைய குரலில் நினைப்பது?

சென்ற வருடம் எங்கள் குடும்பத்தில் ஒரு கலியாணம் நடந்தது. மருதோன்றி இரவு. பெண்கள் மட்டும் கூடியிருந்த அறையில் யாரோ கைத்தொலைபேசியில் ஒரு பைலாப் பாட்டைப் போட்டார்கள். எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. வயதான மாமிமார் கூடத் தாளம் போட்டார்கள். என் சாச்சியின் மகள், என்னைவிட மூன்று வயது இளையவள், சிரித்துக்கொண்டே எழுந்து நடுவில் வந்தாள். அவள் கறுத்த நிறம். அடர்த்தியான சுருள் கூந்தல். அன்றைக்கு ஆசையாக அதை அவிழ்த்து விட்டிருந்தாள்.

"இந்தா, காப்பிரி ஒண்டு ஆட வந்திரிக்கி!" என்று நான் சொன்னேன்.

அறையே சிரித்தது. அவளும் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் பின்னுக்குப் போய், கூந்தலை இறுக்கிக் கட்டிக்கொண்டு மூலையில் இருந்துவிட்டாள். அன்றிரவு முழுக்க அவள் திரும்ப எழுந்து வரவில்லை. எனக்கு அது உறைக்கவே இல்லை.

சில மாதங்களின் பின்னர், உயர்தர வரலாற்றுப் பாடத்துக்கு ஓர் ஒப்படை தயாரிப்பதற்காகக் கல்லூரி நூலகத்தில் இருந்து படித்தபோதுதான் உறைத்தது. நான் இழிவாகச் சொன்ன சொல்லும், அந்த நேரத்தில் ஒலித்துக்கொண்டிருந்த பாட்டின் தாளமும் ஒரே மக்களைச் சேர்ந்தவை. அவர்களுடைய தாளத்துக்கு நாங்கள் ஆடினோம். அவர்களுடைய பெயரை வசைச்சொல்லாக்கி ஒரு சிறுமியை உட்கார வைத்தோம்.

"காப்பிரி" என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தால், வெட்கம் இன்னும் கூடுகிறது. அதன் வேர் "காபிர்" என்ற அறபுச் சொல். ஆபிரிக்காவின் கிழக்குக் கரையில் வியாபாரம் செய்த அறபிகள், இஸ்லாத்தை ஏற்காத அந்நாட்டு மக்களை அப்படி அழைத்தார்கள். போர்த்துக்கீசர் அந்தச் சொல்லைக் கேட்டுத் தங்கள் மொழியில் எடுத்துக்கொண்டார்கள். அவர்களோடு அது இலங்கைக்கு வந்தது. நம்பிக்கையைக் குறித்த ஒரு சொல், கடல் கடந்து வரும்போது தோலின் நிறத்தையும் தலைமயிரின் சுருளையும் குறிக்கும் சொல்லாகிவிட்டது. வேறு எவரும் எங்களுக்குத் தந்த பழி அல்ல இது. எங்கள் மொழிக்குள்ளிருந்து புறப்பட்டு, உலகத்தைச் சுற்றி, எங்கள் வீட்டுக் கலியாண அறைக்கே வந்து சேர்ந்த சொல்.

இலங்கைக்கு ஆபிரிக்கர்களை முதலில் போர்த்துக்கீசரும், பின்னர் ஒல்லாந்தரும், அதன் பின்னர் பிரித்தானியரும் கொண்டுவந்தார்கள். சிலர் அடிமைகளாக வந்தார்கள். சிலர் படைவீரர்களாக வந்தார்கள். இந்த இரண்டுக்கும் இடையிலே கூடப் பெரிய தூரம் இருக்கவில்லை. பிரித்தானியர் கோவாவிலும் மொசாம்பிக்கிலும் அடிமைகளை விலைக்கு வாங்கித் தமது இலங்கைப் படையில் சேர்த்தார்கள். அந்தப் படை கலைக்கப்பட்ட பின்னர் புத்தளத்தில் குடியேறியவர்களின் வழிவந்தவர்கள், புத்தளம் நகரிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில் உள்ள சிரம்பியடியில் இன்றும் வாழ்கிறார்கள். அவர்களின் அன்றாட மொழி இப்போது சிங்களம். ஆனால் அவர்கள் பாடும் "மஞ்ஞா" பாடல்கள் மட்டும் இன்னும் போர்த்துக்கீசக் கலப்பு மொழியிலேயே இருக்கின்றன. வீட்டில் பேசாத மொழி, பாட்டில் உயிரோடு இருக்கிறது.

அவர்கள் பாடுவதை ஒரு பொது நிகழ்ச்சியில் நான் பார்த்திருக்கிறேன். அதிகம் பாடியவர்கள் பெண்கள். உம்மம்மா வயதுள்ளவர்களும் இருந்தார்கள். தேங்காய்ச் சிரட்டைகள், ஒரு கண்ணாடிப் போத்தலும் கரண்டியும், ஒரு மேளம், கைதட்டு. இவ்வளவுதான். பாட்டு மெதுவாகத் தொடங்கும். சில வரிகளே திரும்பத் திரும்ப வரும். போகப்போக வேகம் கூடும். கடைசியில் கேட்பவரின் கையும் தன்னை அறியாமல் தட்டத் தொடங்கிவிடும். பைலாவின் மூலங்களில் ஒன்றான காப்பிரிஞ்ஞா தாளம் பிறந்தது இந்த மக்களிடமும் போர்த்துக்கீச வழிவந்த பறங்கியரிடமும்தான். இன்று அந்தத் தாளம் இல்லாமல் இந்த நாட்டில் ஒரு சுற்றுலாப் பஸ் கூட ஓடாது. ஆனால் பஸ்ஸில் பாடுகிற எத்தனை பேருக்கு அதன் வரலாறு தெரியும்?

எனது கருத்து இதுதான். அடிமைமுறை ஒழிந்ததை நினைவுகூர வேண்டுமானால், சட்டம் போட்ட துரைமாரின் பெயர்களை மனனம் செய்வதோடு நின்றுவிடக் கூடாது. அடிமைப்பட்டிருந்தவர்கள் தாங்களே பாடியதையும் எழுதியதையும் பொருள் விளங்கிக் கேட்க வேண்டும். அதற்கு எங்கள் கல்லூரியிலும் ஒரு நாள் வேண்டும்.

"எங்கள் நாட்டில் அடிமைகள் இருந்தார்களா?" என்று எனது தோழி ஒருத்தி கேட்டாள். இருந்தார்கள். கொழும்பில் நாங்கள் கொம்பனித்தெரு என்று சொல்லும் இடத்துக்கு ஆங்கிலத்தில் "அடிமைத் தீவு" என்றே பெயர் வழங்கியது. ஒல்லாந்துக் கம்பனியின் அடிமைகள் இரவில் அடைத்து வைக்கப்பட்ட இடம் அது. அடிமைகள் எல்லோரும் ஆபிரிக்காவிலிருந்து வந்தவர்களும் அல்லர். 1707 இல் ஒல்லாந்தர் தொகுத்த யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தில் அடிமைகளைப் பற்றித் தனியான விதிகள் இருந்தன. தமிழ் பேசியவர்களே தமிழ் பேசியவர்களை அடிமைகளாக வைத்திருந்தார்கள் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

1816 இல் பிரதம நீதியரசர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டனின் முயற்சியினால், அடிமைகளை வைத்திருந்த பலர், அவ்வாண்டு ஓகஸ்ட் 12 முதல் தங்கள் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரமானவர்கள் என்று ஏற்றுக்கொண்டார்கள். 1833 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆனால் அந்தச் சட்டம் இலங்கைக்குப் பொருந்தாது என்று அதிலேயே விலக்கு எழுதப்பட்டிருந்தது. இலங்கையில் அடிமைமுறை முற்றாக ஒழிக்கப்பட்டது 1844 இல். அது எத்தனையோ பேருடைய வாழ்க்கையை மாற்றிய வருடம். எங்களில் எத்தனை பேருக்கு அந்த வருடம் நினைவிருக்கிறது?

1833 ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதன்படி 2 கோடிப் பவுண் நட்டஈடு வழங்கப்பட்டது. அது அடிமைகளுக்கு அல்ல. அவர்களை வைத்திருந்த எஜமானர்களுக்கு. பிறந்த மண்ணையும் பெற்ற தாயையும் சொந்தப் பெயரையும் இழந்தவர்களுக்கு ஒரு சதமும் இல்லை. அதனால்தான் சட்டத்தை மட்டும் கொண்டாடுவது போதாது என்கிறேன். சட்டத்தின் ஏட்டில் இருப்பது கொடுத்தவர்களின் கணக்கு. பட்டவர்களின் கணக்கு பாட்டில்தான் இருக்கிறது.

எங்களைப் போலவே இந்து சமுத்திரத்தில் இருக்கும் மொறீசியஸ் தீவைப் பாருங்கள். அங்கே அடிமைமுறை ஒழிந்தது 1835 பெப்ரவரி 1 ஆம் திகதி. இன்று அந்த நாள் பொது விடுமுறை. தீவின் தென்மேற்கு மூலையில் லே மோர்ன் என்ற மலை கடலோரத்தில் செங்குத்தாக நிற்கிறது. எஜமானர்களிடமிருந்து தப்பி ஓடிய அடிமைகள் அந்த மலையின் குகைகளிலும் உச்சியிலும் ஒளிந்து வாழ்ந்தார்கள். விடுதலைச் செய்தியைச் சொல்ல வந்தவர்களைத் தூரத்தில் கண்டு, தங்களைப் பிடிக்க வருகிறார்கள் என்று பயந்து, பலர் மலையிலிருந்து குதித்து உயிர்விட்டார்கள் என்று அந்நாட்டு மக்கள் வாய்வழியாகச் சொல்லி வருகிறார்கள். 2008 இல் யுனெஸ்கோ அந்த மலையை உலக மரபுரிமைச் சின்னமாக அறிவித்தது. அடிமைகளின் முகாம்களில் பிறந்த "செகா" பாட்டும் ஆட்டமும் 2014 இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. ஒரு காலத்தில் இழிவாகப் பார்க்கப்பட்ட பாட்டு, இன்று அந்நாட்டின் முகம்.

விடுதலைச் செய்தி பிந்தி வருவது அங்கே மட்டும் நடக்கவில்லை. அமெரிக்காவில் ஜனாதிபதி லிங்கனின் விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரி 1 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் நகரத்தில் அது அறிவிக்கப்பட்டது 1865 ஜூன் 19 ஆம் திகதி. இரண்டரை வருடங்கள் அங்கிருந்த அடிமைகளுக்கு விடுதலை கடதாசியில் மட்டுமே இருந்தது. அந்த ஜூன் 19 ஐ அவர்களின் பிள்ளைகள் வருடா வருடம் சாப்பாட்டோடும் பாட்டோடும் கொண்டாடி வந்தார்கள். அரசாங்கம் அதை நாடு முழுவதற்குமான விடுமுறையாக்கியது 2021 இல்தான். நூற்றைம்பது வருடங்களுக்கு மேலாக அந்த நாளைக் காப்பாற்றி வைத்திருந்தது எந்த அரசாங்கமும் அல்ல. சாதாரணக் குடும்பங்கள்.

தோழியரே, இந்த வரலாற்றில் என்னை மிகவும் தொட்டது ஒரு கல்லூரியின் கதை. அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில், விடுதலை பெற்ற அடிமைகளும் அவர்களின் பிள்ளைகளும் படிப்பதற்காக 1866 இல் பிஸ்க் கல்விக்கூடம் தொடங்கப்பட்டது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் புத்தகங்களை வாங்கக் காசில்லாமல், பழைய அடிமைக் கொட்டிலில் கிடந்த துருப்பிடித்த விலங்குகளைப் பழைய இரும்பாக விற்று அந்தக் காசில் புத்தகம் வாங்கினார்கள் என்று சொல்லப்படுகிறது. ஐந்து வருடங்களில் கடன் ஏறி, கல்லூரியை மூட வேண்டிய நிலை வந்தது. 1871 ஒக்டோபர் 6 ஆம் திகதி, ஒன்பது மாணவர்கள் தங்கள் ஆசிரியர் ஒருவரோடு பாட்டுப் பாடிப் பணம் சேர்க்கப் புறப்பட்டார்கள். ஐந்து பேர் பெண்கள். பெரும்பாலானோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள்.

அவர்களில் ஒருவர் எலா ஷெப்பர்ட். அவருடைய தந்தை பணம் கொடுத்துத் தன் மகளை அடிமைத்தளையிலிருந்து மீட்டவர். தாயை மீட்க முடியவில்லை. ஆரம்பத்தில் அந்த மாணவர்கள் மேடையில் பாடியது வெள்ளையர் விரும்பிய பாட்டுகளை. தாயும் தகப்பனும் தோட்டத்தில் பாடிய பாட்டுகளை மேடையேற்ற அவர்களுக்கு மனம் வரவில்லை. அந்தப் பாட்டுகள் அடிமைக் காலத்தை நினைவூட்டின. பெற்றோரின் கண்ணீர் அவற்றில் இருந்தது. காசு கொடுத்துக் கேட்க வருகிறவர்களுக்கு முன்னால் அவற்றை எப்படிப் பாடுவது? கூச்சமும் வலியும் சேர்ந்த அந்தத் தயக்கத்தை என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது. எங்கள் உம்மம்மாவின் தாலாட்டை ஒரு ஹோட்டலில் பாடச் சொன்னால் எனக்கும் அப்படித்தான் இருக்கும்.

கடைசியில் பாடினார்கள். கேட்டவர்கள் அழுதார்கள். அந்தக் குழுவுக்கு "ஜூபிலி பாடகர்கள்" என்று பெயர் வந்தது. ஐம்பது வருடத்துக்கு ஒரு முறை அடிமைகளை விடுவிக்கும் ஆண்டென்று பைபிளில் வரும் ஜூபிலி ஆண்டின் பெயர் அது. விடுதிகளில் அவர்களுக்கு இடம் மறுத்தார்கள். அவர்கள் பாடுவதை நிறுத்தவில்லை. 1873 இல் இங்கிலாந்துக்குப் போய் விக்டோரியா மகாராணியின் முன்னிலையிலும் பாடினார்கள். அவர்கள் சேர்த்த பணத்தில் எழுந்த "ஜூபிலி மண்டபம்" இன்றும் அந்தப் பல்கலைக்கழகத்தில் நிற்கிறது. ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் 6 ஆம் திகதியை அங்கே ஜூபிலி நாளாக நினைவுகூருகிறார்கள். எங்கள் வயதை ஒத்தவர்கள், தங்கள் பெற்றோரின் பாட்டை வைத்து ஒரு கல்லூரியைக் காப்பாற்றினார்கள். பழைய புண்ணைக் கிளறலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இந்தக் கதைதான். அந்தப் பாட்டுகள் மறைக்கப்பட்டிருந்தால் புண் ஆறியிருக்காது. பாட்டும் மறைந்து கல்லூரியும் மூடப்பட்டிருக்கும்.

ஆனால் பாடினால் மட்டும் போதுமா? போதாது என்று எனக்குக் கற்பித்தவர் பிரடெரிக் டக்ளஸ். அவர் அடிமையாகப் பிறந்து, தப்பி ஓடி, பெரிய எழுத்தாளராகவும் பேச்சாளராகவும் வந்தவர். 1845 இல் வெளிவந்த தமது வாழ்க்கை வரலாற்றில் அவர் ஒரு விடயத்தைச் சொல்கிறார். அடிமைகள் பாடுவதைக் கேட்டவர்கள், அவர்கள் சந்தோசமாக இருக்கிறார்கள் என்று நினைத்தார்களாம். அதைவிடப் பெரிய தவறு இல்லை என்கிறார் அவர். துக்கம் கூடக்கூடத்தான் அவர்கள் அதிகமாகப் பாடினார்கள். அந்தக் கருத்தைப் படித்தபோது எனக்கு மருதோன்றி இரவு நினைவுக்கு வந்தது. நாங்களும் தாளத்தைக் கேட்டோம்; சந்தோசம் என்று எடுத்துக்கொண்டோம். கேட்பதற்கும் விளங்குவதற்கும் இடையில் இருக்கும் தூரத்தைக் கடக்காவிட்டால், எந்த நினைவு விழாவும் ஒரு கலியாண ஆட்டம்தான்.

கவிதைக்கும் இப்படியொரு கதை உண்டு. 1761 இல் மேற்கு ஆபிரிக்காவிலிருந்து ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தியை அடிமைக் கப்பலில் பொஸ்டன் நகரத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவளைக் கொண்டுவந்த கப்பலின் பெயர் பிலிஸ். வாங்கியவர்கள் அந்தக் கப்பலின் பெயரையே அவளுக்கு வைத்தார்கள். அவளுக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் என்னவென்று இன்றுவரை எவருக்கும் தெரியாது. அந்தப் பிள்ளை ஆங்கிலமும் இலத்தீனும் கற்றாள். 1773 இல் பிலிஸ் வீட்லியின் கவிதை நூல் லண்டனில் அச்சாகியது. ஓர் ஆபிரிக்க அடிமைப் பெண் இப்படி எழுத முடியுமா என்று எவரும் நம்பமாட்டார்கள் என்பதால், பொஸ்டனின் பெரிய மனிதர்கள் கையொப்பமிட்டு, இவற்றை எழுதியவள் இவளேதான் என்று கொடுத்த அத்தாட்சியும் அந்நூலின் முன்பக்கத்தில் சேர்க்கப்பட்டது. நாங்கள் எழுதும் கவிதை எங்களுடையதுதானா என்று நிரூபிக்க எவரும் எங்களிடம் கையொப்பம் கேட்பதில்லை. இந்தச் சஞ்சிகையில் எழுதும் ஒவ்வொருத்தியும் இதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு கவிதையைப் பற்றியும் கேளுங்கள். 1900 பெப்ரவரி 12 ஆம் திகதி லிங்கனின் பிறந்தநாள். புளோரிடா மாநிலத்தின் ஜக்சன்வில் நகரத்தில் கறுப்பினப் பிள்ளைகளின் பாடசாலையொன்றின் அதிபர் ஜேம்ஸ் வெல்டன் ஜோன்சன். அந்த நாளுக்காக அவர் ஒரு கவிதை எழுதினார். அவருடைய சகோதரர் அதற்கு இசையமைத்தார். 500 பாடசாலைப் பிள்ளைகள் அதைச் சேர்ந்து பாடினார்கள். பின்னர் சகோதரர்கள் இருவரும் நியூயோர்க் போய்விட்டார்கள். தங்கள் வேலைகளில் அந்தப் பாட்டை மறந்தும் போனார்கள். மறக்காதவர்கள் அந்தப் பிள்ளைகள். வேறு பாடசாலைகளுக்குப் போனபோது அங்கே பாடினார்கள். வளர்ந்து ஆசிரியர்களானபோது தங்கள் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கடைசியில் அது கறுப்பின மக்களின் தேசிய கீதம் என்று அழைக்கப்படும் அளவுக்கு நாடு முழுவதும் பரவியது. பாடசாலைப் பிள்ளைகளால் என்ன முடியும் என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை.

இனி, பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. இசை என்றதும் உங்களில் சிலருடைய முகம் சுருங்கும் என்பது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் வாப்பாவுக்கும் பெரிய நானாவுக்கும் இதில் ஒரே கருத்து இல்லை. அந்த மார்க்க விவாதத்துக்குள் போவதற்கு நான் தகுதியானவள் அல்ல. நான் கேட்பது மேடை நிறைய வாத்தியங்களை அல்ல. ஜூபிலி பாடகர்கள் பெரும்பாலும் வெறும் குரலால்தான் உலகத்தை அழ வைத்தார்கள். குரலும் கவிதையும் எங்களுக்குப் புதியவையா? நாங்கள் கஸீதா கேட்டு வளர்ந்தவர்கள் இல்லையா?

குரல் என்றதும் எங்கள் எல்லோருக்கும் முதலில் நினைவு வர வேண்டியவர் பிலால் (ரழி) அவர்கள். மக்காவில் அபிசீனிய வழிவந்த ஓர் அடிமை. கொதிக்கும் மணலில் கிடத்தி நெஞ்சில் பாறையை ஏற்றியபோதும் "அஹத், அஹத்" என்று சொன்ன குரல் அவருடையது. அபூபக்கர் (ரழி) அவர்கள் அவரை விலை கொடுத்து மீட்டு விடுதலை செய்தார்கள். பின்னர் மதீனாவில் தொழுகைக்கு அழைக்க நபி (ஸல்) அவர்கள் தெரிவு செய்தது அந்தக் குரலைத்தான். மக்கா வெற்றியின்போது கஃபாவின் மேல் ஏறி அதான் சொன்னதும் அந்தக் குரல்தான். நேற்று வரை அடிமையாக இருந்தவரின் குரலுக்கு மக்கத்துப் பிரமுகர்கள் கீழே நின்று காது கொடுத்தார்கள். அடிமைத்தளை அறுந்ததற்கு இதைவிட அழகான ஓர் அறிவிப்பு உண்டா?

ஆனால் பிலாலின் பெயரைச் சொல்லிவிட்டு நாங்கள் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. அபூதர் (ரழி) அவர்கள் ஒருவரை, அவருடைய தாயைக் குறிப்பிட்டு இழிவாகப் பேசிய சம்பவத்தை ஒன்பதாம் வகுப்பில் படித்திருக்கிறோம். பேசப்பட்டவர் பிலால் (ரழி) என்றே பலரும் கூறுவர். அறியாமைக் காலத்தின் குணம் உம்மிடம் இன்னும் இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் அவரைக் கண்டித்தார்கள். மருதோன்றி இரவில் நான் சொன்ன சொல் அதே குணத்திலிருந்து வந்ததுதான். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு எனக்கு முழுப் புள்ளி கிடைத்தது. வாழ்க்கையில் கிடைக்கவில்லை.

எங்கள் வரலாற்றையும் மறைக்காமல் பார்க்க வேண்டும். கிழக்கு ஆபிரிக்காவிலிருந்து மனிதர்களைப் பிடித்து விற்றவர்களில் முஸ்லிம் வியாபாரிகளும் இருந்தார்கள். சன்சிபார் தீவில் அடிமைச் சந்தை மூடப்பட்டது 1873 இல். அதுவும் பிரித்தானியரின் நெருக்குதலினால். மொரித்தானியா நாட்டில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1981 இல். அது என் உம்மா பிறந்த காலத்துக்குப் பக்கத்தில். அடிமையை விடுதலை செய்வதைப் பெரும் நன்மையாகச் சொன்ன ஒரு மார்க்கத்தைப் பின்பற்றியவர்கள் இவ்வளவு காலம் ஏன் எடுத்தார்கள் என்ற கேள்வியை நாங்கள்தான் கேட்க வேண்டும். வெள்ளைக்காரனின் கொடுமையை மட்டும் பாடிவிட்டு எங்கள் பக்கத்தை விட்டுவிட்டால், அந்த நினைவு நாள் நேர்மையான நாளாக இருக்காது.

ஆகவே எங்கள் கல்லூரித் தமிழ் இலக்கிய மன்றத்திடம் நான் வைக்கும் வேண்டுகோள் இது. வருடத்தில் ஒரு கூட்டத்தை அடிமைமுறை ஒழிப்பின் நினைவுக்காக ஒதுக்குவோம். பெரிய செலவு வேண்டாம். மேடை அலங்காரம் வேண்டாம். அன்று ஒரு கவியரங்கு நடக்கட்டும். பிலிஸ் வீட்லியைப் பற்றி ஒருத்தி சொல்லட்டும். ஜூபிலி பாடகர்களின் பாட்டொன்றின் பொருளை இன்னொருத்தி தமிழில் விளக்கட்டும். 1844 இல் இங்கே என்ன நடந்தது என்று வரலாறு படிக்கும் மாணவி ஒருத்தி பேசட்டும். விரும்புபவர்கள் குரலால் மட்டும் பாடட்டும். பாட விரும்பாதவர்கள் வாசிக்கட்டும்.

முடியுமானால், சிரம்பியடிப் பெண்மணிகள் சிலரை விருந்தினராக அழைப்போம். ஆட வைத்து வேடிக்கை பார்க்க அல்ல. முன் கதிரையில் இருத்தி, அவர்களின் பாட்டைப் பற்றி அவர்களே சொல்லக் கேட்க. நான் பார்த்த அந்த நிகழ்ச்சி முடிந்ததும், பாடிய மூதாட்டி ஒருவரிடம் பாட்டின் பொருளை எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். தன் தாய் பாடியதைத் தானும் பாடுவதாகவும், சில சொற்களுக்குத்தான் தனக்கு அர்த்தம் தெரியுமென்றும் சொன்னார். பிறகு, கேட்டதற்கு நன்றி என்றார். பாட்டைக் கேட்டதற்காக அல்ல, அர்த்தத்தைக் கேட்டதற்காக என்றுதான் நான் விளங்கிக்கொண்டேன். தெரிந்த அந்தச் சில சொற்களும் போய்விடுவதற்கு முன்னர் யாராவது அவர்களிடம் போய்க் கேட்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர்கள் நாங்கள்.

கடைசியாக ஒன்று. இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் முதலில் என் சாச்சியின் மகளிடம்தான் வாசிக்கக் கொடுத்தேன். அந்த இரவில் நான் சொன்னது தவறு என்று அதுவரை அவளிடம் வாயால் சொல்லவில்லை. எழுதிக் கொடுப்பது சுலபமாக இருந்தது. அவள் முழுக்க வாசித்தாள். ஒன்றும் பேசவில்லை. "மஞ்ஞா எண்டா எப்பிடி ராத்தா இருக்கும்? எனக்கும் கேக்கேலுமா?" என்று மட்டும் கேட்டாள்.

வருகிற விடுமுறையில் அவளையும் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன். கூந்தலைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் அவளுடைய விருப்பம்.